பெயர் கேட்காமல் கொடுத்த எட்டு நாற்காலிகள்

ஹைஃபா
25 நவம்பர் 1984

ஹெஸ்கேல் அவர்களுக்கு,

உங்களுடைய குட்டை நாற்காலிகள் எட்டும் வந்து சேர்ந்திருக்கும். என் மருமகன் மெனாஷி அவற்றைத் துடைத்துத்தான் கொண்டுவந்து வைத்தான். ஒன்றின் கால் வரும்போதே ஆடிக்கொண்டிருந்தது. அது எங்கள் வேலை அல்ல.

எனக்கு வாய்த்தது பத்தொன்பதாம் எண். ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதியிருக்கிறீர்கள். அந்த எழுத்து எனக்குப் பழக்கம்தான். என் மகள் ஓரா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய கணக்கு நோட்டைத் திருத்திக் கொடுத்த பெரியப்பாவின் எழுத்து. ஏழு நாள் உங்கள் எழுத்தின் மேல் உட்கார்ந்து உங்கள் தம்பிக்காக அழுதேன்.

மெனாஷி உங்களிடம் சொல்லியிருப்பான். ஆனாலும் மனைவி என்ற முறையில் நானும் ஒருமுறை எழுதிவைக்கிறேன். கதூரியை இருதய அறுவைக்காக ஜெருசலேமுக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் போய்விட்டார். நவம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, அங்கேயே அடக்கம் செய்தோம். ஓரா வீட்டிலேயே வழக்கப்படி குட்டை நாற்காலியில் ஏழு நாள் துக்கத்துக்கு உட்கார்ந்தோம்.

நாற்காலி வேண்டும் என்றதும், பக்கத்துத் தெருவிலேயே இரவலுக்குக் கிடைக்கும் என்றான் மெனாஷி. "வேண்டாம், ஹெஸ்கேலுடைய இரவல் அறைக்குப் போ" என்று நான்தான் அனுப்பினேன். ஒன்பது வருஷப் பேச்சில்லாத வீட்டுக்கு வேறு எப்படிச் சொல்லி அனுப்புவேன்? அவன் திரும்பி வந்ததும் கேட்டேன், "என்னடா சொன்னார்?" என்று. "நாற்காலியை எண்ணிக் குடுத்தார் அத்தை. கடவுள் உங்களைத் தேற்றுவாராகன்னு சொன்னார். கதவைச் சாத்திட்டார்" என்றான்.

அதை நம்பாமல் ஏழு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் எனக்கு யாரைத் தெரியும்? ஆனாலும் முதல் நாளே அக்கம்பக்கத்தார் அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி தினமும் வந்து எல்லாப் பாத்திரத்தையும் கழுவிவைத்துவிட்டுப் போனாள். கதூரியின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நீங்கள் என்று நினைத்தேன்.

எங்களுக்கு மகன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்காகப் பத்து ஆண்கள் நடுவே எழுந்து நின்று, மகன் சொல்ல வேண்டிய கதீஷ் ஜெபத்தைச் சொல்ல ஒரு முதியோர் காப்பகத்தில் ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் பதினோரு மாதம் சொல்வார். மெனாஷிக்கு அப்பா உயிரோடு இருக்கிறார், அவன் அதைச் சொல்லக்கூடாது என்கிறார்கள். உங்களிடம் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

ஹபீபா


ஜெருசலேம்
9 டிசம்பர் 1984

அம்மா ஹபீபா,

என் தம்பி இறந்துவிட்டான் என்பது இன்று காலை பத்தரை மணிக்கு, உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த வாக்கியத்தை மூன்று தாள்களில் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் பொய் போல இருக்கிறது. நீ நம்பமாட்டாய். நானே உன் இடத்தில் இருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இரவல் அறையின் சுவரில் ஓர் அட்டை இருக்கிறது. பதினான்கு வருஷத்துக்கு முன்பு நானே எழுதி மாட்டியது. 'பெயர் கேட்கமாட்டோம். காரணம் கேட்கமாட்டோம்.' வாங்க வருகிறவர் தலைகுனியக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. குறிப்பேட்டில் தேதி, நாற்காலி எண், திரும்ப வரும் நாள், இவை மட்டும்தான் இருக்கும். நவம்பர் ஐந்தாம் தேதிக்கு எதிரே 'பதினேழு முதல் இருபத்துநான்கு வரை, எட்டு' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மெனாஷியை நான் முன்பு பார்த்ததில்லை. ஓராவின் கல்யாணம் நம் சண்டைக்குப் பிறகு நடந்தது அல்லவா. உயரமான ஒருவர், பஸ் ஓட்டுநர் சட்டை போட்டிருந்தார். எட்டு நாற்காலி வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வண்டியில் ஏற்றிய பிறகும் அவர் போகவில்லை. வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் கேக்க வேண்டாமா ஐயா?" என்றார்.

ஜெபப் புத்தகங்களைக் கேட்கிறார் என்று நினைத்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். அப்புறமும் நின்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. துக்கத்தில் இருக்கிறவரை நிற்கவைத்துப் பேசக்கூடாது என்று, "சீயோனுக்காகத் துயருறும் எல்லாரோடும் இறைவன் உங்களைத் தேற்றுவாராக" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் தம்பியின் சாவுக்கு நான் வேறொருவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறேன், ஹபீபா. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. உன் கடிதம் நவம்பர் இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டது. உறையில் உன் எழுத்தைப் பார்த்தேன். பழைய சண்டையின் மிச்சம் என்று பயந்து, மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். தினமும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன், மூடிவிடுவேன். பதினொரு நாள் அப்படிப் போயிற்று.

படித்தவுடன் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் எங்கள் மதகுரு ரபியிடம் ஓடினேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "முப்பது நாளைக்குள்ள காதுல விழுந்திருந்தா ஏழு நாளும் உக்காரணும். இன்னைக்கு முப்பத்தஞ்சாம் நாள், ஹெஸ்கேல். ஒரு மணி நேரம் உக்காருங்க, போதும்" என்றார்.

வந்த அன்றே பிரித்திருந்தால் அது இருபத்துநாலாம் நாள். என் ஏழு நாட்களை இழுப்பறைக்குள் நானே பூட்டிவைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். இரவல் அறையில் ஒரு குட்டை நாற்காலிகூட இல்லை, எல்லாம் வெளியே போயிருந்தன. தரையில் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை, யாருக்கும் தெரியாது. ஒரு மணி ஆனதும் எழுந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். எழுந்துகொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. அதற்கு நேரம் முடிந்துவிட்டிருந்தது.

கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கதூரிக்கு நான் கதீஷ் சொல்ல நீ அனுமதிப்பாயா?

ஹெஸ்கேல்


ஹைஃபா
14 டிசம்பர் 1984

ஹெஸ்கேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் கோழியும் அரிசியும் இருந்ததை மறந்துபோனேன். ஓய்வுநாளுக்கென்று வைத்தது, அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது.

பொய் சொல்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழ்வீட்டுக்குப் போய் மெனாஷிக்குத் தொலைபேசியில் பேசினேன். பேசினதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் கேளுங்கள்.

"டேய், அன்னைக்கு நாற்காலி வாங்கப் போனியே, செத்தது அவர் தம்பின்னு சொன்னியா இல்லையா?"

"நீங்கதானே அத்தை சொன்னீங்க, அவரே கேப்பார், கேட்டா மட்டும் பதில் சொல்லுன்னு?"

"ஆமா, சொன்னேன். கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்கலைன்னா?"

"சொல்லல."

"அட பாவி! இத்தனை நாளும் ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே அத்தை. நாலு வார்த்தை பேசினா அதிகப்பிரசங்கிம்பீங்க, வாயை மூடினா பாவிங்கிறீங்க. நான் பஸ் ஓட்டுறவன், எனக்கு என்ன தெரியும்?"

தொலைபேசியை வைத்துவிட்டு அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீம்புதான். 'அவராகவே கேட்கட்டும்' என்று நினைத்தேன். கணவனைப் புதைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் ஒரு வீம்பு எனக்கு. நாற்காலி கேட்க வருகிறவனிடம் செத்தது யார் என்று கேட்காத மனிதன் உலகத்தில் இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் தோன்றியிருக்க வேண்டும். உங்களை எனக்குத் தெரியாதா?

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். மாவு மில்லில் ஏணியிலிருந்து விழுந்து கதூரி எட்டு மாதம் படுத்திருந்தார். வியாழக்கிழமைதோறும் வாசலில் ஒரு பெட்டி. எண்ணெய், அரிசி, முட்டை, கோழி, ஓய்வுநாள் மெழுகுவர்த்தி. மணி அடிக்கும், போய்த் திறந்தால் ஆள் இருக்காது. "யாரோ ஒரு புண்ணியவான், நான் அவன் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் மேல்மாடிப் படியில் மூன்று மணி நேரம் ஒளிந்து உட்கார்ந்தார், புண்ணியவானைப் பிடிக்க. பிடித்தார். அறுபத்திரண்டு வயது அண்ணன், படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் கத்தியது அந்தத் தெருவுக்கே கேட்டது. "ஏண்ணே! என் வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள வந்து ஒரு டீ குடிக்காம ஓடுறியா? நான் உனக்குத் தம்பியா, இல்ல தர்மத்துக்குக் கையேந்தி நிக்கிறவனா?" பெட்டியைப் படியில் உருட்டிவிட்டார். முட்டை எல்லாம் உடைந்து, நான்தான் துடைத்தேன். "நீயா வந்து கதவைத் தட்டி உள்ள வர்ற வரைக்கும் உன் முகத்துல முழிக்கமாட்டேன்" என்றார். நீங்கள் தட்டவில்லை.

அவர் கல்மனசுக்காரர் அல்ல. ஒன்பது வருஷமும் வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்குக்கூடப் போகமாட்டார். என்ன காரணம் என்று நான் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, பாருங்கள்.

அனுமதி கேட்டிருக்கிறீர்கள். தம்பிக்குக் கதீஷ் சொல்ல அண்ணனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா? சொல்லுங்கள். ஆனால் காப்பகத்து ஆளை நான் நிறுத்தமாட்டேன். கதீஷ் என்பது வாசலில் வைத்துவிட்டு ஓடுகிற காரியம் அல்ல. எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும், பத்துப் பேர் ஆமென் சொல்ல வேண்டும். உங்களால் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு அது அரைகுறையாகப் போய்ச் சேர்வதை நான் விடமாட்டேன்.

ஹபீபா


ஜெருசலேம்
30 டிசம்பர் 1984

அம்மா ஹபீபா,

நீ எழுதியது சரி. என்னால் முடியவில்லை.

முதல் நாள் எழுந்து நின்றேன், வாய் திறந்தேன், முடித்தேன், உட்கார்ந்தேன். ஒரு ஆமென்கூட வரவில்லை. நான் சொன்னது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர், "ஹெஸ்கேல், முழங்கால் வலியா? எழுந்து எழுந்து உக்காருறீங்க?" என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள் எங்கள் ஜெப ஆலயத்தின் நிர்வாகி ஷவுல் கண்டுபிடித்துவிட்டார். எல்லார் முன்னிலையிலும் கேட்டார், "யாருக்குக் கதீஷ் சொல்றீங்க? வீட்டுல யாரும் இல்லையே உங்களுக்கு?"

"தம்பிக்கு" என்றேன்.

"தம்பி இருந்தானா உங்களுக்கு?"

இருபது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். நான் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை, ஆகவே யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. எனக்குத் தம்பி இருந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

இப்போது தினமும் கேலிதான். "கொசுவுக்கா சொல்றீங்க? குரலை எங்க, பஸ்ல விட்டுட்டு வந்தீங்களா?" என்கிறார் ஷவுல். கெட்ட மனிதர் அல்ல. நான் நிற்கும்போது மற்றவர்களை 'உஷ்' என்று அடக்குகிறார். அந்த அமைதி இன்னும் மோசம். முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கடைசி பெஞ்சு வரைக்கும் என் குரல் போனதில்லை. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிடுவேன். கதீஷை எழுதிக் காட்டமுடியாது.

வியாழக்கிழமைப் பெட்டியைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். கொடுப்பவன் யார் என்று வாங்குபவனுக்குத் தெரியாமல் கொடுப்பது உயர்ந்தது என்று படித்திருக்கிறேன், அதனால்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிவந்தேன். அது பாதி. மீதியையும் எழுதுகிறேன். கதூரி படுக்கையில் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவன் நன்றி சொன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனுக்கு வெட்கம் வராமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். வெட்கம் வராமல் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

ஆனால் நான் வைத்துவிட்டு உடனே ஓடியதில்லை. இது உனக்குத் தெரியாது. மணியை அடிப்பதற்கு முன்பு கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே அவன் வானொலிச் செய்தியோடு சண்டை போடுவான், உன்னைக் கேலி செய்வான், சிரிப்பான். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அரிசியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

அவன் வியாழக்கிழமைகளில் வீட்டில் இருந்தான் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரவல் அறையில் போன வாரம் ஒரு பெண் நாற்காலி கேட்டு வந்தாள். விதியை மீறி, "யாரும்மா தவறிப்போனது?" என்றேன். "அட்டையில கேக்கமாட்டோம்னு எழுதியிருக்கு, அப்புறம் என்ன கேள்வி? அதைப் பார்த்துத்தானே இங்க வந்தேன்" என்று சீறினாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னதும் நியாயம்தான். அட்டையைக் கழற்றுவதா, விடுவதா? எனக்குத் தெரியவில்லை. எழுபத்தொரு வயதில் ஒரு நல்ல காரியத்தை எப்படிச் செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

காப்பகத்து ஆளை நிறுத்தாதே. அவராவது ஒழுங்காகச் சொல்லட்டும். ஆனால் நானும் போவதை நிறுத்தப் போவதில்லை. நாளைக்கும் மாலை ஜெபத்துக்கு நாலே கால் மணிக்குப் போய் நிற்பேன்.

ஹெஸ்கேல்


ஹைஃபா
11 ஜனவரி 1985

அத்தானுக்கு,

நேற்றுக் காப்பகத்துக்குப் போய், இனி அவர் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனிதர் நல்லவர். காரணம் கேட்டார். அண்ணன் சொல்கிறார் என்றேன். "அப்ப நான் எதுக்கும்மா?" என்று எழுந்து நின்று வழியனுப்பினார்.

ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும். புதன்கிழமை நான் ஜெருசலேமில்தான் இருந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. ஓராவிடமும் சந்தைக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். நாலு மணிக்கு உங்கள் ஜெப ஆலயத்தில் மாடியில் பெண்கள் பக்கம், மரச் சட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். என்னைத் தவிர ஒரு கிழவி மட்டும் இருந்தாள். சோதிக்கத்தான் வந்தேன், மறைக்கமாட்டேன். அரைகுறையாகச் சொல்கிறீர்கள் என்று என் காதால் கேட்டு, அந்தக் கோபத்தோடு திரும்பிப் போகலாம் என்று வந்தேன்.

நீங்கள் இவ்வளவு மெலிந்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. எழுந்து நின்றீர்கள். உதடு அசைந்தது, வேறு ஒன்றும் இல்லை. அந்த ஷவுல், அவர்தான் என்று நினைக்கிறேன், முன்வரிசையிலிருந்து கத்தினார்: "ஹெஸ்கேல், கூரை இடிஞ்சு விழாது! உங்க தம்பிக்குத்தானே சொல்றீங்க, அவனுக்குக் கேக்க வேண்டாமா?" இரண்டு பேர் சிரித்தார்கள்.

நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். உட்கார்ந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். முன்னால் இருந்த பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள்.

அத்தான், கல்யாணம் ஆகி வந்து நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. அதில் ஒருநாள்கூட நீங்கள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. எப்போதும் முணுமுணுப்புதான். உங்களுக்கு என்ன குரல் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அது அவர் குரல்.

அதே கரகரப்பு, வார்த்தை முடிவில் அதே இழுப்பு. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடி எங்கே, டீ எங்கே என்று என்னைக் கூப்பிடுகிற குரல். இரண்டு மாதமாக வீட்டில் இல்லாத குரல் அந்தச் சட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கிழவி என் சால்வையைப் பிடித்து இழுத்து, "என்னம்மா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

கீழே எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து "இதோ வரேன்" என்றுதான் வந்தது.

ஹபீபா